ஓட்டை விழாத எல்லை



ஞாயிற்றுக்கிழமை மாலை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு எதிரே டீக்கடை பெஞ்சு. வாரம் முழுவதும் தையல் மிஷினில் குனிந்திருந்த இளைஞர் ஒருவர் செல்போனில் போர் நடத்திக்கொண்டிருந்தார். எதிரியும் இவரும் முறை வைத்து மாறி மாறிப் படை நகர்த்தும் ஆட்டம் அது. சற்று நேரத்தில் போனைக் கவிழ்த்து வைத்தார். "எல்லா ஊருக்கும் காவல் போட்டேனுங்க. அப்படியும் உள்ளே பூந்துட்டான்" என்றார்.

பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்தார். "ஊருக்கு ஒருத்தனை நிறுத்தினா ஒவ்வொருத்தனாத்தான் சாவான், கண்ணு. நீ ஆடுபுலி ஆடினதில்லையா?"

இத்தகைய ஆட்டங்கள் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவோர் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. பெரியவர் கேட்டதில் பெரிய உண்மை இருக்கிறது.

நம் கோயில் தளங்களிலும் திண்ணைகளிலும் ஆடுபுலிக் கட்டம் கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சந்திகள் 23. புலி 3, ஆடு 15. பக்கத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்டி, நேர்கோட்டில் அடுத்த சந்தி காலியாயிருந்தால் புலி அந்த ஆட்டை வெட்டிவிடும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. அப்படியானால் ஆடு எப்படி ஜெயிக்கிறது?

முதல் வழி, ஓரத்தைப் பிடிப்பது. ஓரத்தில் நிற்கும் ஆட்டை உள்ளிருந்து வரும் புலி தாண்ட முடியாது. அப்பால் இறங்க இடமில்லை. ஓரக் கோட்டின் வழியாக வந்தால்தான் ஆபத்து. அதை அடுத்த ஆடு அடைத்துவிடும். இரண்டாவது வழி, முன் நிற்கும் ஆட்டின் முதுகுக்குப் பின்னால் காலி இடம் விடாதிருப்பது. மூன்றாவது, கையிருப்பு. கையிலுள்ள ஆட்டை எந்தக் காலிச் சந்தியிலும் வைக்கலாம். பதினைந்தும் இறங்கிய பிறகோ ஓரடிதான் நகர முடியும். ஆகவே கையிலிருக்கும் ஆட்டை அவசரப்பட்டு வீணாக்குபவன் தோற்பான்.

1991-இல் அமெரிக்காவில் சிட் மையர் என்பவர் உருவாக்கிய 'சிவிலைசேஷன்' என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்திலும் இதே கணக்குத்தான். மேட்டில் காவல் நிற்கும் படைக்குப் பலம் அதிகம். எல்லைக்குப் பின்னால் சாலை போட்டு வைத்தால், கையிருப்புப் படை விரைந்து போய் ஓட்டையை அடைக்கும். 2010-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைதான் நிற்கலாம் என்று விதி வந்தது. அதன்பின் வாள்வீரன் முன்னும் வில்லாளி பின்னுமாக அணிவகுப்பதே காவல் ஆயிற்று. தனியே நிற்பவன் எவ்வளவு பலசாலியானாலும் சுற்றி வளைக்கப்படுவான்.

மெய்யான போரில் மட்டும் வேறா? பிரான்ஸ் நாடு 1930-களில் கோடி கோடியாகக் கொட்டி மாஜினோ அரண்வரிசையைக் கட்டியது. 1940-இல் ஹிட்லரின் படை அந்த அரணை முட்டி உடைக்கவில்லை. காவல் மெலிந்திருந்த ஆர்டென்ஸ் காட்டு வழியாகப் புகுந்தது. அரண் நின்றது, நாடு வீழ்ந்தது!

எல்லையைக் காப்பது சுவரின் கனம் மட்டுமல்ல. பக்கத்தில் நிற்பவனுக்கு நான் துணை, எனக்கு அவன் துணை என்ற ஏற்பாடுதான் எல்லை.

ஆனால் இளம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. முறை வைத்து ஆடும் ஆட்டத்தில் ஒரு பொறி உண்டு. 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று மனம் கேட்கும், மணி இரண்டாகிவிடும். விடிந்தால் ஷிப்ட். தூங்காத கண்ணோடு மிஷினில் உட்கார்ந்தால் ஊசி விரலில்தான் ஏறும். செல்போனில் பறிகொடுத்த ஊரை மறுநாள் மீட்கலாம். போன விரலை எந்த ஆட்டத்தில் மீட்பது?

ஆடுங்கள். ஆனால் உங்கள் இரவுத் தூக்கமும் ஓர் எல்லைதான். அதில் ஓட்டை விழ விடாதீர்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பெரியவரோடு ஆடுபுலிக்கு உட்காருங்கள். புளியங்கொட்டைக்குக் காசில்லை, எதிரே ஒரு மனிதர் இருக்கிறார், இருட்டினால் ஆட்டமும் முடிந்துவிடும்.