அளந்து எழுதுக

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. கணக்கியல் பயிலும் பிள்ளைகளுக்கும் பரீட்சை மண்டபத்தில் இவ்வாக்கு மறந்துபோகிறது.

1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் பரீட்சைகளை எழுத விரும்பும் பிள்ளைகள் நம் வாகரைப் பகுதியிலும் உளர். வாவியில் வலை வீசியும் சேனை செய்தும் பெற்றோர் சேர்த்த பணமே அதற்குக் கட்டணமாகிறது. அறிவிருந்தும் ஒரு பிள்ளை தவறினால், அது வீட்டுக்கே நட்டம்.

பயிற்சி விடைத்தாள்களில் நாம் அடிக்கடி காண்பது இது: நான்கு புள்ளி வினாவுக்கு இரண்டு பக்கம், இருபது புள்ளி வினாவுக்கு அரைப் பக்கம், அதன் கீழே “நேரம் போதவில்லை” என்ற குறிப்பு!

மூன்று மணி நேரத்தில் 100 புள்ளிக்கு விடை எழுதுவதாயின், ஒரு புள்ளிக்குக் கிடைப்பது 1.8 நிமிடம். ஐந்து புள்ளி வினாவுக்கு 9 நிமிடம். இருபது புள்ளி வினாவுக்கு 36 நிமிடம். தேர்ச்சிக்கு 50 புள்ளி வேண்டுமெனில், இருபது புள்ளி வினாவைத் தொடாது விட்டவர் எஞ்சிய எண்பதிலேயே ஐம்பதைப் பெற வேண்டும்.

எவ்வளவு எழுதுவது என்பதை வினாவே சொல்கிறது. கணக்காய்வாளரின் சுதந்திரத்துக்கு ஊறு செய்யும் நான்கு காரணங்களை, நான்கு புள்ளிக்குக் “குறிப்பிடுக” என்றால் நான்கு சிறு வாக்கியங்கள் போதும். எட்டுப் புள்ளிக்கு “விளக்குக” என்றால், கம்பனியில் அவர் பங்கு வைத்திருப்பதைச் சொல்வதோடு, இலாபம் மிகைப்பட்டால் அவருக்கும் நன்மையுண்டு என்ற தொடர்பையும் காட்ட வேண்டும். அங்கே ஒரு வரியோடு நிறுத்துவதும் குறையே.

கணக்கு வினாக்களில் இறுதித் தொகை பிழைத்தாலும், முறை சரியாயின் அதற்குப் புள்ளி வழங்குவதுண்டு. ஆதலால் பெறுமானத் தேய்வைக் கணித்த செய்கையைத் தெளிவாகக் காட்டுக. ஐந்தொகை சமப்படவில்லையென்று அரைமணி நேரம் தேடிக்கொண்டிராது, அடுத்த வினாவுக்குச் செல்க.

இப்பழக்கம் வீட்டிலேயே தொடங்க வேண்டும். கணக்கியல் அறியாத பெற்றோரும் மணிக்கூட்டைப் பார்த்து, “நேரம் முடிந்தது மகள், பேனையை வை” என்று சொல்லலாம். அவ்வொரு சொல் பெரும் உதவியாகும்.