வாளா இருந்தவர்களும் சும்மா இருப்பவர்களும்

‘வாளா’ என்றொரு வினையடை நம் மொழியில் உண்டு. இன்று யார் வாயிலும் அது இல்லை. எப்போதாவது ஓர் அரசியல்வாதி ‘இனியும் வாளாவிருக்க மாட்டோம்’ என்று முழங்கினால்தான் உண்டு. பேசாமல் என்பதும் அதன் பொருள், வீணாக என்பதும் அதன் பொருள். பக்திப் பாடல்களில் இறைவனை நினையாத நாள் வாளா கழிந்த நாள். உரையாசிரியர்களோ, நூலாசிரியர் அடைமொழி எதுவும் சேர்க்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டால் ‘வாளா கூறினார்’ என்பார்கள். எனக்குப் பிடித்தது இந்தப் பொருள்தான். (நம் மேடைப் பேச்சாளர்கள் கொஞ்சம் வாளா கூறிப் பழகலாம்.)

பேசாதிருப்பவர் பயனில்லாதவர் என்று இந்தச் சொல் யாரைப் பார்த்துச் சொல்கிறது? சொல் யாரையும் பார்ப்பதில்லை. எழுவாயைப் பார்த்து நாம்தான் பொருளைத் தேர்கிறோம்.

வாளா விட்டுப்போன இடத்தில் இன்று ‘சும்மா’ உட்கார்ந்திருக்கிறது. அருணகிரிநாதருக்கும் தாயுமானவருக்கும் சும்மா இருத்தல் ஞானத்தின் உச்சி. திருவண்ணாமலை ரமணரின் உபதேசமும் அதுதான். எழுவாயை மட்டும் மாற்றிப் பாருங்கள்: ‘அவ வீட்ல சும்மா இருக்கா.’ உச்சியிலிருந்து ஒரே சறுக்கில் அடுப்படி. ரமணரின் தாய் அழகம்மாள் 1916இல் மகனோடு வந்து தங்கிய பிறகுதான் கந்தாசிரமத்தில் ஒழுங்காகச் சமையல் நடக்கத் தொடங்கியது. மகானைக் குறை சொல்வது என் வேலையல்ல. ஒருவர் சும்மா இருக்க இன்னொருத்தி சும்மா இராமல் இருக்க வேண்டியிருந்தது என்பதை நம் தத்துவ வகுப்புகள் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கும்பகோணத்தில் என் வகுப்புக்கு வரும் முதலாண்டு மாணவிகளிடம் ‘அம்மா என்ன செய்றாங்க?’ என்று கேட்பேன். ‘சும்மாதான் இருக்காங்க மேம்.’ திருபுவனத்திலிருந்து வரும் ஒரு பெண்ணிடம் விடாமல் கேட்டபோது அம்மா தார் சுற்றுகிறார், பாவு பிணைக்க உதவுகிறார், நடுவில் சமையல், மாலையில் மாடு என்று வந்தது. ‘அப்பா நெய்யறாங்க. அம்மா கூடமாட இருப்பாங்க.’ கூடமாட! இன்னொரு வினையடை. தார் சுற்றாமல் ஊடை ஓடாது, ஊடை ஓடாமல் பட்டு இல்லை. ஆனாலும் நெசவாளி ஒருவர்தான், மற்றவர் கூடமாட. பெண்ணின் வேலையைக் குறிக்க ஒரு வினைச்சொல் தர மனமில்லாத சமூகம், வினையடைகளை மட்டும் தாராளமாக வழங்குகிறது.

இது பேச்சுவழக்கோடு நிற்பதில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 36 கோடிப் பெண்களை வேலை செய்யாதோர் என்று வகைப்படுத்தி, பிச்சை எடுப்போர், பாலியல் தொழிலாளர், சிறைவாசிகளோடு சேர்த்து வைத்ததை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கு அது. (பாலியல் தொழிலாளியும் உழைக்கிறாள் என்பது தனியே போட வேண்டிய சண்டை.) 2019இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம், செய்கிற ஆண் 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரச் சும்மா! 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதும் டீக்கடைகளில் கேட்டது என்ன? ‘சும்மா தூக்கிக் குடுக்கறாங்க.’ சும்மா இருப்பவளுக்குச் சும்மா கொடுக்கிறார்களாம். உரிமை என்ற சொல் திட்டத்தின் பெயரிலேயே இருந்தும் காதில் விழவில்லை.

அடுத்த கணக்கெடுப்பு 2027இல். 2011 கணக்கெடுப்பின் விளக்கப்படியே, குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் செய்யும் உதவியும் வேலைதான்; வீட்டுத் தேவைக்கு மட்டும் மாடு வைத்துப் பால் கறந்தாலும் வேலைதான். சமையலும் பிள்ளை வளர்ப்பும் அப்போதும் வெளியேதான் நின்றன. அதற்கான போராட்டம் தனி. ஆனால் படிவம் ஒப்புக்கொண்ட உழைப்பைக்கூட வாசலில் நிற்கும் ஆண் ஒரே சொல்லில் அழித்துவிடுகிறான்: ‘அவ சும்மாதான் சார் இருக்கா.’ சில வீடுகளில் அந்தப் பதிலை அம்மாவே சொல்கிறாள்.

எனவே மாணவிகளே, கணக்கெடுப்பவர் வரும் நாளில் வாசலுக்கு நீங்கள் போங்கள். தார் சுற்றுகிறார், வெற்றிலை கட்டுகிறார், மாடு கறக்கிறார் என்று உரையாசிரியர்கள் சொன்ன பொருளில் வாளா கூறுங்கள். எத்தனை மாதம் என்று கேட்பார். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் குறு வேலையாளர் பட்டியலுக்குப் போய்விடும். உங்கள் அம்மா ஆண்டு முழுவதும் செய்கிறார் என்றால், பன்னிரண்டு மாதம் என்று சொல்லி, எழுதுகிறாரா என்று பார்த்துவிட்டு உள்ளே வாருங்கள்.