கடுகதியும் களிறும்

மட்டுநகரிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்திற் சென்று மீள்வோர் கூடுமிடமெல்லாம் வண்டி தாமதித்த கதையே பேச்சாகும். மாணவராயிருந்த காலந்தொட்டு யாமும் அதனைப் பேசியே வந்துள்ளோம். எனினும், கல்லோயாவுக்கும் இங்குராகொடைக்கும் இடையே வண்டி ஊர்ந்து செல்வதைப் பற்றி இனி எவரும் முறையிடலாகாது என்பது எமது துணிபு.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் அதிகாலையில், கொழும்பு நோக்கிச் சென்ற மீனகயா வண்டி அப்பகுதியில் யானைக் கூட்டமொன்றில் மோதிற்று. பயணிகளுக்கு ஊறில்லை. ஆறு யானைகள் மாண்டன. மீன்பாடும் எமது வாவியை நினைவூட்டும் பெயர் தாங்கிய வண்டி அது.

இப்பாதை மட்டக்களப்பை எட்டியது 1928இல். அதற்கு நான்காண்டு முன்னர், 1924இல், புணானையில் மனிதரைக் கொன்று தின்ற சிறுத்தையை ஷெல்டன் ஆகர் சுட்டு வீழ்த்தினார். அன்று காட்டுக்கு அஞ்சினோர் மனிதர். இன்று அந்நிலை தலைகீழாயிற்று. மின்னேரியாவுக்கும் கவுடுல்லைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழியைத் தண்டவாளம் குறுக்கறுக்கின்றது. வழி பழையது, தண்டவாளம் புதியது.

வேகம் பாதியாயின் வண்டியை நிறுத்த வேண்டிய தூரம் காற்பங்காகும் என்பது எமது கல்லூரி மாணவர் அறிந்த கணக்கு. 20 கிலோமீற்றர்க் காட்டுப்பாதையை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் கடக்க 20 நிமிடம். 30 ஆயின் 40 நிமிடம். ஏறக்குறைய 350 கிலோமீற்றர்ப் பயணத்தில் இழப்பு 20 நிமிடமே. ஆனைமுகனுக்குத் தேங்காய் உடைத்துப் புறப்படும் நாம் இதற்கு மூக்கால் அழுவது அழகோ?

வைத்தியசாலை நாடிச் செல்லும் நோயாளிக்கும், நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞனுக்கும் 20 நிமிடம் சிறிதோ எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. அவர்களைப் பெரிதும் வருத்துவது, வண்டி எப்போது சேரும் என்று நம்பியிருக்க முடியாமையே. ஆகவே அந்த 20 நிமிடத்தை நேர அட்டவணையில் வெளிப்படையாகச் சேர்த்தல் வேண்டும். விட்ட நேரத்தைக் காட்டினுள்ளே பிடிக்குமாறு சாரதியை நெருக்குதல் கூடாது. இரவில், வளைவுக்கு அப்பால் நிற்பதை அவர் எங்ஙனம் காண்பார்?

புறப்படும் நேரம் முந்துமாயின் களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கத்தவர்க்கு இடர் மிகும். வாவியின் தென்புறத்தில் தண்டவாளம் இல்லை. அவர்கள் கல்லடிப் பாலம் கடந்தே வண்டியேற வேண்டும். எனவே அவ்வூர்ப் பேருந்துகளின் நேரத்தையும் புகையிரத நேரத்தோடு பொருந்த முற்படுத்துமாறு இரு பகுதியினரையும் கேட்டுக்கொள்கிறோம்.