படிகள் மட்டும் போதவில்லை

“போராட்டம்தான் சட்டம் தரும், எதிர்முகாமோடு கைகுலுக்குவது சரணாகதி” என்று எழுதும் நண்பர், சான்றாக 1990 மார்ச் 12-ஐக் காட்டுகிறார். அன்று அமெரிக்க நாடாளுமன்றப் படிகளில் மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கித் தவழ்ந்து ஏறினார்கள். அந்தக் காட்சி என்னையும் உலுக்குகிறது. ஆனால் நண்பர் சொல்வது பாதிக் கதை.

அவர்கள் கோரிய மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதா அதற்கு ஆறு மாதம் முன்பே செனட்டில் 76-க்கு 8 என்று நிறைவேறிவிட்டது. எப்படி? 1988-ல் அங்கே அதை முதலில் கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சியின் லோவல் வைக்கர். அவர் மகனுக்கு டவுன் சின்ட்ரோம். மறு ஆண்டு அதைச் சுமந்தவர் ஜனநாயகக் கட்சியின் டாம் ஹார்கின். அவர் அண்ணனுக்குக் காது கேட்காது. கட்சி வேறு, வீட்டு வலி ஒன்று. அந்த வலியைத் தேடிப் போய்ப் பேசியவர்கள் இருந்தார்கள். சக்கர நாற்காலியில் ஐம்பது மாநிலங்களுக்கும் போய்ப் பாதிக்கப்பட்டவர்களின் அனுபவங்களைத் திரட்டிய ஜஸ்டின் டார்ட், குடியரசுக் கட்சிக்காரர்தான்.

கீழவையில் முடங்கிய மசோதாவுக்கு அந்தப் படியேற்றம் வேகம் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஜூலை 26 அன்று கையெழுத்திட்ட அதிபர் ஜார்ஜ் புஷ் எந்தக் கட்சி? அவரோடு பேசவே கூடாது என்று போராடியவர்கள் முடிவெடுத்திருந்தால், அந்தக் கையெழுத்தை யாரிடம் வாங்கியிருப்பார்கள்?