இடப்பெயர்வும் வயதும்: சில சிந்தனைகள்

"இடம்பெயர்ந்த குடும்பம்" என்றே நாம் எழுதுகிறோம். அப்படியே பேசியும் பழகிவிட்டோம். படிவத்திலும் அப்படித்தான். குடும்பத் தலைவரின் பெயர், அங்கத்தவர் தொகை, இழந்த வீடு, இழந்த காணி, மாடு எத்தனை, ஆடு எத்தனை. வயதுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆனால் நிவாரண அட்டையில் சிறியவர் இத்தனை, பெரியவர் இத்தனை என்று கூட்டிக்கொள்வதற்கு மேல் அந்தக் கட்டத்தை எவரும் திரும்பிப் பார்த்ததாக எமக்குத் தெரியவில்லை.

ஒரே இரவில், ஒரே லொறியில் ஏறிய குடும்பம்தான். ஆனாலும் மடியிலிருந்த குழந்தை இழந்தது ஒன்று. பத்து வயதுப் பையன் இழந்தது இன்னொன்று. பதினேழு வயதுப் பெண் இழந்தது வேறு. வயலையும் வரம்பையும் விட்டுவந்த நாற்பத்தைந்து வயதுத் தகப்பன் இழந்தது முற்றிலும் வேறு. வீடும் காணியும் கிடைத்த பிறகும் ஏன் இந்தக் குடி, ஏன் இந்தச் சண்டை, பிள்ளைகள் ஏன் ஊரில் தங்குவதில்லை என்று பத்து இருபது வருடம் கழித்துத் திகைக்கிறோம். ஒவ்வொருவரும் தத்தம் வயதிலேயே இடம்பெயர்ந்தார்கள் என்பதைக் கவனியாமல் விட்டதே இதற்கு ஒரு பெரிய காரணம் என்பது எமது கருத்து.

மனிதன் பருவம் பருவமாக வளர்கிறான் என்பது எம்மவருக்குப் புதிய செய்தி அல்ல. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பிள்ளைத்தமிழ் பத்துப் பருவம் வகுத்தது. பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் சொன்னார்கள். ஆயினும் அவை பெரும்பாலும் பிறர் பார்த்து மகிழ்ந்த பருவங்கள். அந்தந்த வயதில் உள்ளத்தில் நடக்கும் போராட்டம் என்ன, அது சமூகத்தில் எப்படி வந்து முடிகிறது என்று ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர். 1950இல் அவர் வெளியிட்ட, குழந்தைப்பருவத்தையும் சமுதாயத்தையும் பற்றிய நூலில், பிறப்பு முதல் முதுமை வரை எட்டுப் பருவங்களைக் கூறினார். ஒவ்வொரு பருவத்திலும் மனிதன் முன் ஒரு கேள்வி நிற்கிறது. இவர்களை நம்பலாமா என்பது கைக்குழந்தையின் கேள்வி. எனக்கு ஏதாவது செய்யத் தெரியுமா என்பது பள்ளிப் பிள்ளையின் கேள்வி. நான் யார் என்பது இளைஞனுடையது. எதைப் பேணி வளர்த்து யாரிடம் கொடுப்பேன் என்பது நடுவயதினது. இந்தக் கேள்விகளுக்கு ஒருவன் தனியே விடை கண்டுவிட முடியாது. வீடும் பாடசாலையும் தொழிலும் ஊரும் சேர்ந்தே விடை தருகின்றன. அவை தராமல் விட்டால் கேள்வி மறைந்துபோவதில்லை. வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. அப்போது அதற்குச் சமூகப் பிரச்சினை என்று பெயர் வைக்கிறோம்.

எரிக்சனும் இடம்பெயர்ந்தவரே. 1902இல் ஜேர்மனியில் பிறந்தார். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை அறியாதவர். நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் வியன்னாவை விட்டுப் புறப்பட்டு அமெரிக்கா சேர்ந்தார். வளர்ப்புத் தகப்பன் வழி வந்த பெயரோடு வாழ்ந்தவர், 1939இல் அமெரிக்கப் பிரஜையானபோதுதான் எரிக்சன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். 'நான் யார்' என்ற கேள்வியை இவ்வளவு பெரிதாக எடுத்தவரின் சொந்தக் கதை இது.

1930களின் பிற்பகுதியில் அவர் அமெரிக்காவின் தென் டகோட்டாவில் சூ இனப் பழங்குடி மக்களிடையே சென்றார். காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த மக்கள் அவர்கள். எருமைக் கூட்டம் அழிக்கப்பட்டு, அவர்கள் ஒதுக்கிடத்தில் அடைக்கப்பட்டு, அரசாங்கப் பங்கீட்டை வாங்கித் தின்னும் நிலைக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு எதிலும் அக்கறை இல்லை என்று ஆசிரியர்கள் முறையிட்டார்கள். பிள்ளைகளிடத்தில் நோய் எதையும் எரிக்சன் காணவில்லை. பாட்டன் சென்ற பாதை மூடப்பட்டுவிட்டது; புதிய பாதை எதுவும் அவர்களுக்கென்று திறக்கப்படவில்லை. எதைக் கற்க அவர்கள் ஆர்வம் காட்டுவார்கள்?

இதை வாசித்தபோது எமக்கு முகாம்களின் நினைவு வந்தது. உங்களுக்கும் வரும்.

வட்டகொடை ஸ்டேசன் தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் நடுவே இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கு பிரித்த பின்னர், இந்தப் பாதையில்தான் எம் மக்கள் தலைமன்னாருக்குப் போனார்கள். அந்த ரயிலுக்கு அவர்களே வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. இன்னொரு சாரார் கடல் கடக்கவில்லை. 1973, 74இன் பட்டினியிலும், அதைவிட அதிகமாக 1977 ஓகஸ்ட் வன்செயலின் பின்னரும், அவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சென்று காடு வெட்டிக் கமக்காரரானார்கள். இவ்விதழை வாசிப்போரில் கணிசமானோர் அவர்களே, அல்லது அவர்கள் பெற்ற பிள்ளைகளே.

1970இல் இம்மலையில் பிறந்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வோம். 1977இல் அதற்கு ஏழு வயது. டொலர் பாம், கென்ற் பாம் என்ற பண்ணைகளிலிருந்து மலையக அகதிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட 1984இல் வயது பதினான்கு. கிளிநொச்சி சனம் முழுவதும் எழுந்து ஓடிய 1996இல் இருபத்தாறு. மெனிக் பாம் முள்வேலிக்குள் அடைபட்ட 2009இல் முப்பத்தொன்பது. இப்போது ஐம்பதைத் தாண்டியாயிற்று. தொழில் பழகும் வயதில் ஒருமுறை, தன்னை யாரென்று அறியும் வயதில் ஒருமுறை, குடும்பம் கட்டும் வயதில் ஒருமுறை, சேர்த்ததைக் கையளிக்கத் தொடங்கும் வயதில் ஒருமுறை. ஒவ்வொரு கேள்விக்கும் விடை வரும் தறுவாயில் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. இவரிடம் போய் "உனக்கு முன்னேறும் மனப்பான்மை இல்லை" என்று கருத்தரங்கு நடத்துகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். நாமே நடத்தியும் இருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏழு வயதுப் பிள்ளைக்குத் தேவை பாடசாலை மாத்திரமல்ல. தாயும் தகப்பனும் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். வாய்க்கால் வெட்டுவது, நாற்று முடிச்சுக் கட்டுவது, மாட்டின் குளம்பைப் பார்த்து நோய் சொல்வது ஆகியவற்றை எட்ட நின்று பார்த்து, பிறகு சின்னக் கையால் தானும் செய்து, "பரவாயில்லையே" என்று ஒரு சொல் வாங்க வேண்டும். கமக்காரப் பிள்ளையின் முதல் பள்ளிக்கூடம் அதுதான். முகாமில் அந்தப் பிள்ளை கண்டது என்ன? தகப்பன் வரிசையில் நிற்பதை. கூப்பன் காட்டுவதை. அதிகாரி அதட்டும்போது தலைகுனிவதை. பள்ளிக்கூடத்தைக் கொட்டிலில் என்றாலும் மறுநாளே தொடங்கிவிட்டோம் என்று நிறுவனங்கள் பெருமையோடு அறிக்கை எழுதின. தகப்பனுக்கு ஒரு துண்டு நிலத்தில் நாலு கத்தரிக்கன்று வைக்க இடம் கொடுத்திருந்தால் அது பிள்ளையின் படிப்புக்கும் உதவியிருக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இளம் வயதைப் பற்றிப் பேசினால் மலையகத்தில் 'பேர்' என்ற சொல்லைப் பேசாமல் இருக்க முடியாது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வயது வந்த பிள்ளைக்குச் செக்ரோலில் பேர் பதிந்தால், அன்றோடு அது பெரிய ஆள். நான் யார் என்ற கேள்விக்குத் தோட்டம் ஒரு விடையைத் தயாராக வைத்திருந்தது. சின்ன விடைதான், மூச்சு முட்டும் விடைதான். காட்டை வெட்டிக் கமம் செய்யப் போனவர்கள் அந்த விடையை உதறிவிட்டு, 'கமக்காரன்' என்ற பெரிய விடையைத் தேடிப் போனவர்கள். அதை அடைவதற்குள் மற்றொரு பக்கத்தில் பேர் இல்லாமற் போயிற்று. 1948இல் பறிபோன பிரஜாவுரிமையின் மிச்ச சொச்சம் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடையாள அட்டை இல்லாத பதினெட்டு வயதை யோசித்துப் பாருங்கள். சோதனைச் சாவடியில் யார் நீ என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. அத்தகைய வயதில், யார் முதலில் வந்து "நீ இன்னார்" என்று உறுதியாகச் சொல்கிறார்களோ அவர்கள் பின்னால் போவது இயல்பு. எங்கள் நாட்டில் இரு மொழி பேசும் இளைஞருக்கும் அது நடந்தது.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். பருவம், வளர்ச்சி என்ற பேச்சு அதிகாரத்தில் இருப்பவர் கையில் ஆபத்தான ஆயுதம். தொழிலாளி சிறுபிள்ளை மாதிரி, அவனுக்குத் தொரைதான் தகப்பன் என்று சொல்லியே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டங்களை நடத்தினார்கள். கூரைத் தகரம் ஓட்டையானாலும் தொரையிடம் மனு, கல்யாணத்துக்கும் தொரையிடம் முற்பணம். வளர்ந்த மனிதர்களைச் சிறுவர் நிலையிலேயே வைத்துவிட்டு, இவர்கள் வளரவில்லையே என்று குறைப்படுவது என்ன நியாயம்? நிவாரணம் கொடுக்கும் எமது நிறுவனங்களும் சில வேளை வெள்ளைக்காரத் தொரையின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. ஒரு மனிதனின் வயதைப் புரிந்துகொள்ள இந்தப் பருவங்கள் உதவும். ஒரு சமூகம் குழந்தை, இன்னொரு சமூகம் பெரியவர் என்று அளக்க இவற்றை எடுக்கக் கூடாது.

அதோடு, இந்த ஒழுங்கு எல்லார் வாழ்விலும் இப்படியே வருவதும் இல்லை. தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன லயத்தில், பதினொரு வயது மூத்த அக்காதான் தம்பிக்குத் தாய். பேணி வளர்க்கும் நடுவயதுக் கடமையை அவள் பாவாடை கட்டும் வயதிலேயே செய்து முடித்துவிடுகிறாள். விளையாட வேண்டிய பருவம் கைநழுவிப் போகிறது. ஆண்களின் வாழ்க்கையை வைத்தே இவர்கள் பருவம் வகுத்தார்கள் என்று கரோல் கில்லிகன் என்ற அம்மையார் 1982இல் எழுதிய நூலில் கண்டித்தார். எமது லயங்களைப் பார்க்கும்போது அவர் பக்கம் நியாயம் உண்டு என்றே படுகிறது.

நடுவயதுக்கு வருவோம். எமது மனதில் அதிகம் நிற்பது இதுதான். அபிவிருத்தித் திட்டங்கள் அதிகம் மறந்ததும் இதையே. குழந்தைக்குச் சத்துமா உண்டு, இளைஞருக்குத் தொழிற்பயிற்சி உண்டு, முதியோருக்குக் கொடுப்பனவு உண்டு. நாற்பது, ஐம்பது வயதுக்காரருக்குக் கடன் மாத்திரம் உண்டு. இவ்வயதின் பசி பணப்பசி அல்ல என்று எரிக்சன் கண்டார். தான் அறிந்ததை, வளர்த்ததை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவன் உள்ளுக்குள் தேங்கிப் போகிறான். 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை 48 வயதுக் காந்தி முன்நின்று நடத்தியதைப் பற்றி, 1969இல் அவர் ஒரு தனி நூலே எழுதினார். நடுவயது மனிதன் தன் வீட்டைத் தாண்டிப் பிறர் பிள்ளைகளையும் தாங்கும் ஆற்றலை அங்கே கண்டார்.

விவசாயியிடம் கையளிக்க இருப்பது நிலமும் விதையும் நிலத்தைப் பற்றிய அறிவும். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்த மாதத்தில் எந்தப் பூச்சி வரும் என்பது அந்த ஒரு நிலத்துக்குத்தான் செல்லும். நாலு முறை இடம்பெயர்ந்தவருக்கு நாலு முறை அந்த அறிவு செல்லாக்காசாயிற்று. சாராயத் தவறணைக்கு அவர் போகும் காரணங்களில் இதுவும் ஒன்று என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். மதுவிலக்குப் பிரசாரம் பல செய்து பார்த்த பிறகே இதைச் சொல்கிறோம்.

மீள்குடியேறி, நெடுநாள் அலைந்து, இப்போதுதான் காணி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த ஒருவரைச் சென்ற வருடம் சந்தித்தோம். மலையிலிருந்து சிறுவயதில் போனவர். பத்திரத்தைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பின்னுரித்தாளர் பெயர் எழுதும் இடத்தில் ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டோம். "எழுதி என்னாங்க ஆகப்போவுது? பையன் கொழும்புல கடையில நிக்கிறான். அவன் எங்க வரப்போறான்?" என்றார். அடுப்படியில் நின்ற மகள், "நான் இருக்கேனே" என்றாள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டே, பின்வளவில் மிளகாய் வைத்திருப்பவள் அவள்தான். தகப்பன் அவளை ஏதோ முதன்முறை காண்பவர் போலத் திரும்பிப் பார்த்தார்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால், உரித்துப் போகும் வரிசையில் ஆண்பிள்ளைக்கே முன்னிடம் இருந்தது. 2022இல் வந்த திருத்தம் அந்த ஆண், பெண் பேதத்தை நீக்கியது. ஆனாலும் பெயர் குறிக்காமல் விட்ட காணியில் பிள்ளைகளுக்குள் வழக்கு வராமல் இருக்கப் போவதில்லை. உங்கள் வீட்டில் பேர்மிட் இருந்தால், இவ்விதழை வைத்துவிட்டு அதை எடுத்துப் பாருங்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால், வீட்டில் நிலத்தில் கை வைக்கிற பிள்ளை எது என்று யோசித்து, பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் விசாரியுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.