படியெடுக்க மறந்தவர்கள்

அழிந்துபோன சுவடிகளுக்காகக் கண்ணீர் வடிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. கறையானுக்கும் தீக்கும் ஆற்றுக்கும் இரையான ஏடுகளைப் பற்றி இலக்கியக் கூட்டங்களில் உருகிப் பேசுகிறோம். பிறகு வீடு திரும்பி, பத்தாண்டு எழுத்து முழுவதும் ஒரே வன்தட்டில் கிடக்கும் கணினியின் முன் நிம்மதியாக அமர்கிறோம்.

சங்கப் பாடல்கள் நம்மை வந்தடைந்தது ஓலையின் உறுதியால் அல்ல. ஓலை சில நூற்றாண்டுகளில் பொடிந்துவிடும். தலைமுறைதோறும் யாரோ ஒருவர் எழுத்தாணியோடு அமர்ந்து படியெடுத்தார். படியெடுக்கப்படாத நூல்கள் உரையாசிரியர்களின் மேற்கோள்களில் வெறும் பெயர்களாக எஞ்சின. ‘நிற்க வேண்டியதைக் காலம் நிறுத்தும்’ என்பது சோம்பேறிகளின் தத்துவம். காலம் எதையும் நிறுத்தியதில்லை. நகல்தான் நிறுத்தியது.

நண்பரொருவரின் வன்தட்டு ஓர் இரவில் செத்துப்போனது. பாதி முடிந்த நாவலும் அதோடு போயிற்று. ‘அடுத்த வாரம் பென் டிரைவில் போட்டு வைக்க நினைத்திருந்தேன்’ என்றார். அந்த ‘அடுத்த வாரம்’தான் என் எதிரி. மனித நினைவை நம்பும் எந்தக் காப்பும் காப்பல்ல. அந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைக்க வேண்டும்.

‘அது தொழில்நுட்பர் வேலை’ என்பது முதல் சாக்கு. மேக் கணினிகளில் ‘டைம் மெஷின்’ 2007 முதல் இருக்கிறது. விண்டோஸில் ‘ஃபைல் ஹிஸ்டரி’ 2012இல் வந்தது. லினக்ஸுக்கு ‘டெஜா டூப்’ உண்டு. ஒரு புறவன்தட்டை இணைத்து, ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். முதல் நாள் முழு நகல், அதன்பின் மாறிய கோப்புகள் மட்டும். அதனால் நேரமும் இடமும் மிச்சம். அதைவிட முக்கியம், பழைய வடிவங்கள் பிழைத்திருக்கும். நேற்று கோபத்தில் வெட்டிய அத்தியாயத்தை இன்று மீட்கலாம்.

‘எல்லாம் இணையச் சேமிப்பில் இருக்கிறதே’ என்பது இரண்டாவது சாக்கு. ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருக்கும் சேவைகளும் உண்டு. அந்தக் கெடு முடிந்தால் அவையும் போகும். கணினியோடு எப்போதும் பிணைந்திருக்கும் ஒற்றைப் புறவன்தட்டும் போதாது. 2017இல் பரவிய ‘வான்னாக்ரை’ போன்ற பணயநிரல்கள் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே வீட்டுக்கு வெளியே இன்னொரு நகல் வேண்டும்.

எடுத்த நகலைச் சோதிக்கவும் வேண்டும். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் ஒரு தவறான கட்டளை ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதியை அழித்தது. காப்புநகல் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தைக் காப்பாற்றியது, ஓர் ஊழியர் வீட்டிலிருந்து பணிபுரிய வைத்திருந்த கணினியிலிருந்த நகல். அத்தகைய அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. மாதம் ஒருமுறை ஒரே ஒரு கோப்பையாவது நகலிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள்.

உ.வே.சா. ஊர் ஊராக அலைந்தபோது, எங்கோ ஒரு வீட்டுப் பரணில் ஒரு படியாவது கிடைத்தது. நம் கணினி நின்றுபோன பிறகு தேடி வருபவருக்கு எந்தப் பரணை வைத்திருக்கிறோம்?