ஜங்ஹ்வான் சொல்லாததை டொக்சன் எப்படிக் கேட்பாள்?

‘ரிப்ளை 1988’ கொரியத் தொடரின் முடிவு தெரியாதவர்கள் முதலில் 20 பாகங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

2016 ஜனவரியில் முடிந்த தொடர். சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. டொக்சன் தேக்கைக் கல்யாணம் செய்துகொண்டது அநியாயம், ஜங்ஹ்வானை ஏமாற்றிவிட்டார்கள் என்று இங்கே இன்சீன் தம்பி தங்கைகளும் வாதாடுகிறார்கள். அவர்கள் காட்டும் ஆதாரங்கள் எல்லாம் உண்மைதான். நெரிசல் பஸ்ஸில் அவள்மேல் யாரும் இடிக்காதபடி மறித்து நின்றான். ஒரே பஸ்ஸில் போவதற்காகக் காலையில் வாசலில் காத்துக் கிடந்தான். அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான்.

சரி, இதையெல்லாம் பார்த்தது யார்? நாம். கேமரா நமக்குக் காட்டியது. டொக்சனிடம் கேமரா இல்லை. அவள் பார்த்தது எப்போதும் சிடுசிடுக்கும் ஒரு தெருப் பையனைத்தான். நமக்குக் காட்டியதை அவளுக்குச் சொன்னதாகக் கணக்கு வைத்துக்கொண்டு, அவள்மேல் கோபப்படுகிறோம்.

அவளுக்குக் குறிப்புகளைப் படித்துச் சொன்னது அவளுடைய தோழிகள். ‘சன்வூ உனக்காகத்தான் உங்கள் வீட்டுப் பக்கம் வருகிறான்’ என்றார்கள். நம்பினாள். அவன் மனதில் இருந்ததோ அவளுடைய அக்கா போரா! பிறகு ஜங்ஹ்வானைக் காட்டினார்கள். இந்த முறை தோழிகள் சொன்னது சரி. ஆனால் தேக்குக்கும் அவளைப் பிடிக்கும் என்று தெரிந்ததும் ஜங்ஹ்வான் ஒதுங்கிவிட்டான். அவனாக ஒதுங்கினான், அவளிடம் யாரும் கேட்கவில்லை. தேக்கும் ஒரு கட்டத்தில் அப்படி ஒதுங்கியவன்தான். ஆனால் 1994இல் ஆட்டத்தையே விட்டுவிட்டு அவள் முன்னால் வந்து நின்றான். சிவப்பு விளக்குகளில் மாட்டித் தாமதமாக வந்த ஜங்ஹ்வான், குற்றம் விளக்கின்மேல் இல்லை, தன் தயக்கத்தின்மேல்தான் என்று தானே ஒத்துக்கொள்கிறான். பிறகு நண்பர்கள் நடுவில் எல்லாவற்றையும் சொன்னபோதும், கடைசியில் அதை விளையாட்டாக்கிவிட்டான்.

பர்மிய சப்டைட்டிலில் பார்க்கும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கொரிய மொழியில் ‘ஜோஆஹே’ என்றால் பிடித்திருக்கிறது. ‘சாரங்ஹே’ என்றால் காதலிக்கிறேன். ஆனால் காதலை முதன்முதலில் சொல்லும்போதும் பெரும்பாலும் ‘ஜோஆஹே’தான் வரும். பர்மியத்தில் எழுதுகிறவர் ‘கின்தெ’யா, ‘ச்சிட்தெ’யா என்று ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். நட்பா காதலா என்ற மயக்கத்தை அங்கேயே வேறொருவர் தீர்த்துவிடுகிறார். டொக்சனின் தோழிகள் செய்ததும் அதேதான். காலேஜில், டியூஷனில் நம் நண்பர்கள் செய்வதும் அதேதான். ஒருத்தி நோட்டைக் கொடுத்து உதவினால் உடனே கீழே ‘ச்சிட்தெ’ என்று சப்டைட்டில் போட்டுவிடுகிறார்கள்.

‘குறிப்பறிதல் நம் மரபு அல்லவா அண்ணா?’ என்று கேட்கலாம். உண்மைதான். திருக்குறளில் இந்தத் தலைப்பில் 2 அதிகாரங்கள் இருக்கின்றன. 71ஆவது அரசனின் மனம் அறிவதற்கு, 110ஆவது காதலி மனம் அறிவதற்கு. அந்தக் காதல் அதிகாரத்தில் கடுஞ்சொல்கூட அன்பாகத்தான் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆனால் அதன் கடைசிக் குறளைப் பாருங்கள். இரண்டு பேர் கண்ணும் ஒத்துப்போகும்போதுதான் சொல் வேண்டாம் என்கிறார் வள்ளுவர். ஒருவர் கண்ணை வைத்து மற்றவர் மனதை எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை. நம் தமிழ்ப் படங்கள் பல இதை மறந்துவிட்டன. அவள் முறைத்தாலும் காதல், திட்டினாலும் காதல் என்று கதாநாயகன் பின்னாலேயே சுற்றுகிறான். நிஜத்தில் அப்படிச் சுற்றினால் அந்தப் பெண் பஸ் ஏறப் பயப்படுவாள், டியூஷனை நிறுத்துவாள்.

தொடர் பார்க்கும்போது தாராளமாக ஊகியுங்கள். ரசிப்பதே அதில்தான் இருக்கிறது. தப்பாக ஊகித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நிஜத்தில் குறிப்பு என்பது கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான். அதுவே பதில் ஆகாது. மனதில் இருந்தால் ஒரு தடவை, தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால், அதற்குக் கீழே வேறு சப்டைட்டில் போடாதீர்கள்.